ஊட்டிப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பி வரும் ஏரி

ஊட்டியில் கனமழை கொட்டினால் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தண்ணீர் நின்றுவிடும். வடிகால் சரியில்லை என்போம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த இடமே முன்பு ஏரி.

1823-ல் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தொடங்கிய ஏரி இது. மேற்கே கரை போட்டு ஓடையை மறித்ததும், தண்ணீர் கிழக்கே பள்ளத்தாக்கு நெடுகத் தேங்கியது. இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு பங்குதான்.

சரி, கிழக்குப் பக்கம் ஏன் தரையானது? ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமந்து வரும். வேகம் குறைந்தால் இறக்கிவிடும். ஓடை ஏரிக்குள் நுழைகிற இடத்திலேயே மணல் படியும், வண்டல் சற்றுத் தள்ளிப் படியும், நுண்ணிய களிமண் கரை வரை போகும். அதனால் ஏரியின் தலைப்பக்கம்தான் முதலில் மேடிடும். சரிவுகளில் புல் போய் உருளைக்கிழங்கும் கேரட்டும் வந்தபின் மண் இன்னும் வேகமாக இறங்கியது. மேடானதை நாம் நிரவிக் கட்டடம் கட்டிக்கொண்டோம். ஆனாலும் அது பள்ளத்தாக்கின் அடிதான். சுற்றுமலைத் தண்ணீர் அங்கேதான் வந்தாக வேண்டும்.

நீலகிரியில் இப்படிப்பட்ட பள்ளத்தாக்கின் அடியில் இயற்கையாக இருப்பது சதுப்பு. குளிரிலும் ஈரத்திலும் செடிகள் முழுதாக மட்காமல் கறுப்பு மண்ணாகப் படியும். அந்த மண் மழையைக் குடித்து, கோடையில் மெல்லக் கசியவிடும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த இத்தகைய மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய தாவரத் தடயங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன.

இந்த மலையில் தோடர்கள் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். எருமைகளுக்குப் புல்லும் தண்ணீரும் கிடைக்கும் இடம் பார்த்து மந்து அமைத்தார்கள். கோயிலாகவும் இருக்கும் பால்மனைக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் வேறு, வீட்டுக்கு எடுக்கும் இடம் வேறு. இவ்வளவு கவனமாகத் தண்ணீரைப் பிரித்துப் பார்த்தவர்களின் சொல்லைத் தாங்கிய கோடப்பமந்து கால்வாய், இன்று நகரத்துக் கழிவுநீரை ஏரிக்குள் கொண்டுவருவது எனக்கு வலிக்கிறது.

கழிவில் வரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் ஏரிக்கு உரம். ஆகாயத்தாமரையும் பாசியும் பெருகும். அவை செத்து மட்கும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்னும். அப்புறம் மீன் சாகும், நாற்றம் கிளம்பும். படகுத்துறையில் எத்தனை பூச்செடி வைத்தாலும் இது மாறாது. ஓடை நுழையும் தலைப்பக்கத்தில் வேலை நடக்க வேண்டும்: கழிவு தனியாகப் பிரிய வேண்டும், மண்ணைப் பிடிக்க ஒரு குட்டை வேண்டும், அதை அடுத்து நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வேண்டும். 2024-ல் அரசு மீட்ட 50 ஏக்கருக்கு மேற்பட்ட பந்தய மைதானம் சரியாக அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.