ஐடில் ஆடுதுன்னு உடனே சென்சார் வாங்காதீங்க

போன வாரம் ஒரு தம்பி என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு வந்தாரு. 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், பாடி அவ்வளவு சுத்தமா வெச்சிருக்காரு. டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து என் டேபிள்ல வெச்சாரு. உள்ள கழட்டின பழைய பார்ட்ஸ். ஏர் மாஸ் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்கறது), ஆக்சிஜன் சென்சார், நாலு இக்னிஷன் காயில், ஒரு முழு துரோட்டில் பாடி (காத்தைக் கூட்டிக் குறைச்சு விடற கதவு). எட்டு மாசத்துல மூணு பட்டறை, கிட்டத்தட்ட 80,000 ரூபா செலவு. "அண்ணா, கடைசியா டர்போவே போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க, வித்துறலாமான்னு பாக்கறேன்"னு சொல்றப்ப அவர் குரலே கம்மிடுச்சு.

கம்ப்ளெய்ன்ட் என்னன்னா, காலைல ஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் தெரியாது, சூடானதும் ஐடில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடற வேகம், 650க்கும் 1,100 ஆர்பிஎம்முக்கும் நடுவுல ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு, சிக்னல்ல பச்சை விழுந்து ஆக்சிலேட்டர் மிதிச்சா ஒரு செகண்ட் மூச்சடைச்ச மாதிரி நின்னுட்டு அப்புறம் திடீர்னு தூக்குது. பின்னாடி பஸ் வர்ற ரோட்டுல அந்த ஒரு செகண்ட் எவ்வளவு ஆபத்துன்னு ஓட்டறவங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் இதே கதையோட, இதே மாதிரி பெட்டியோட வந்த மூணாவது வண்டி இது. அதனாலதான் எழுதறேன்.

முதல்ல டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளற விசிறி. ஐடில் ஆடுறதுக்கும் டர்போ போனதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்ல. ஐடில்ல டர்போ சும்மா சுத்திக்கிட்டிருக்கும், பூஸ்ட்னு (அமுக்கித் தள்ளற காத்து) ஒண்ணும் கிடையாது, மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குக் காத்தைப் பிரிச்சு விடற குழாய்) அப்ப இருக்கறது வேக்குவம். டர்போ போனா நீலப் புகை வரும், விசில் மாதிரி சத்தம் மாறும், ஆயில் குறையும், ஏத்தத்துல இழுக்காது. இது எதுவுமே இல்லாம டர்போ போச்சுன்னு சொன்னா, எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. தண்டு ஆட்டம் பாத்தீங்களா, பூஸ்ட் அளந்தீங்களான்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

அடுத்து ஸ்கேனர். எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். ஸ்கேனர்ல வர்ற ஃபால்ட் கோடு (கோளாறைக் குறிக்கற நம்பர்) எந்த பார்ட்டை மாத்தணும்னு சொல்றதில்ல. திருப்பியும் சொல்றேன், சொல்றதில்ல. 'சிஸ்டம் டூ லீன்'னு கோடு வந்தா அது ஆக்சிஜன் சென்சார் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த ரிப்போர்ட், எரிஞ்ச புகையில ஆக்சிஜன் அதிகமா இருக்கு, பெட்ரோல் பத்தலன்னு. சென்சார் தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கு. வீட்டுல புகை வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னா அவரையா மாத்துவீங்க? அந்தத் தம்பி வண்டியில அதைத்தான் பண்ணியிருக்காங்க. ஆக்சிஜன் சென்சாரை மாத்தி, கோடை அழிச்சு, வண்டியைக் கொடுத்து, ரெண்டு நாள்ல திரும்ப வந்ததும் ஏர் மாஸ் சென்சார்னு சொல்லி, அதையும் மாத்தி, திரும்பவும் வந்ததும் துரோட்டில் பாடி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள் நல்லா ஓடியிருக்கும், ஏன்னா கோடை அழிக்கறப்ப கத்து வெச்சதையும் சேத்து அழிச்சிடறாங்க, கம்ப்யூட்டர் மறுபடி முதல்ல இருந்து கத்துக்கற வரைக்கும் வித்தியாசம் தெரியும். அதைப் பாத்து சரியாயிடுச்சுன்னு நினைச்சுடறாங்க.

கோடை விட்டுட்டு லைவ் டேட்டா பாருங்க, இன்ஜின் ஓடறப்பவே ஸ்கேனர்ல வர்ற நம்பருங்க. இந்த வண்டிக்கு ஸ்கேனர்ல குரூப் 032ன்னு ஒண்ணு இருக்கு, சதவீதத்துல ரெண்டு நம்பர் காட்டும். முதல் நம்பர் ஐடில்ல எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் குறைக்குதுங்கறது, ரெண்டாவது ஓடறப்ப எவ்வளவுங்கறது. தம்பி வண்டியில ஐடில் நம்பர் பிளஸ் 9.8, ஓடறப்ப பிளஸ் 3. அந்த 3ஐ நான் பெருசா எடுத்துக்கல, இப்ப பங்க்ல கிடைக்கிற ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு இந்தப் பழைய வண்டிங்க கொஞ்சம் பிளஸ்லதான் நிக்கும். ஆனா ஐடில் நம்பர் மட்டும் தனியா இப்படி ஏறி நின்னா, கணக்குல வராத காத்து எங்கேயோ உள்ள போகுதுன்னு அர்த்தம். ஐடில்ல இன்ஜின் குடிக்கிறதே செகண்டுக்கு ரெண்டு மூணு கிராம் காத்துதான், அதுல சின்ன ஓட்டை வழியா வர்றதும் பெரிய பங்கு. ஓடறப்ப அதே ஓட்டை வெள்ளத்துல ஒரு சொம்பு தண்ணி. ஓடறப்பதான் நம்பர் எகிறுதுன்னா ஏர் மாஸ் சென்சாரையோ பெட்ரோல் பிரஷரையோ சந்தேகப்படுங்க, அதுவும் அளந்து பாத்துட்டு.

காலைல ஏன் தெரியல? குளிர்ல கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடவே ஊத்தும், ஓட்டை மறைஞ்சிடும்.

அப்புறம் சின்னதா ஒண்ணு பண்ணேன். ஐடில்ல ஓடறப்பவே ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டினேன். இந்த இன்ஜின்ல மூடியைத் திறந்தா ஐடில் தடுமாறணும், புதுசா காத்து உள்ள பூந்து. இதுல ஒரு மாத்தமும் இல்ல. அப்பவே பாதி தெரிஞ்சு போச்சு, ஏற்கனவே இன்னொரு மூடி எங்கேயோ திறந்திருக்கு. ஸ்மோக் மெஷினைப் போட்டு இன்டேக்ல புகை விட்டோம். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மேனிஃபோல்டுக்கு அடியில இருந்து ஊதுவத்திப் புகை மாதிரி மெல்லிசா ஒரு கோடு ஏறுச்சு. கையை விட்டுத் தடவினேன், கிரேங்க்கேஸ் பிரீதர் ஹோஸ் (இன்ஜின் அடிப்பகுதியில சேர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போற குழாய்), ஆயில் குடிச்சுக் குடிச்சு களி மாதிரி ஆயிருந்துச்சு, விரலால அழுத்துனா அடிப்பக்கம் வாய் பொளக்குது. மேல இருந்து டார்ச் அடிச்சா சாகற வரைக்கும் தெரியாது. கூடவே ஆயில் பாக்கற குச்சியோட ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் குழாயும் நொறுங்கி நின்னுச்சு, அது வழியாவும் புகை. வண்டியைக் குறை சொல்ல முடியாது, 20 வருஷ ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேற என்ன பண்ணும்? ஹோஸ், அதோட செக் வால்வு, அந்தக் குழாய், புது கிளாம்ப், லேபரையும் சேத்து 9,000 ரூபா கூட வரல. ரெண்டு நாள் ஓட்டிட்டு வந்தாரு, ஐடில் நம்பர் பிளஸ் 1.2. அந்தப் பெட்டியில கிடந்த பழைய ஏர் மாஸ் சென்சாரைத் திருப்பி மாட்டிப் பாத்தேன், நல்லாவே வேலை செய்யுது.

மேல பிஸ்ஸ்னு சத்தம் வர்ற வால்வு மாட்டற பசங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வண்டியில காத்தை ஏர் ஃபில்டர் பக்கத்துலயே எண்ணிடறாங்க. எண்ணின காத்தை நீங்க கியர் மாத்தறப்ப வெளிய ஊதி விட்டா, அது உள்ள வந்துடுச்சுன்னு நம்பி கம்ப்யூட்டர் அதுக்கும் சேத்து பெட்ரோல் ஊத்திடும். அதனாலதான் காலை எடுத்ததும் வண்டி இருமுது, சிக்னல் வர்றப்ப ஆஃப் ஆகுது. கம்பெனி மாட்டின டைவர்ட்டர் வால்வு அந்தக் காத்தை டர்போவுக்கு முன்னாடியே திருப்பி விடும், அதை மாட்டிட்டு வாங்க, பாதிப் பேருக்கு அதோட முடிஞ்சிடும். ஒரிஜினலா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கற ரப்பர் கிழியும், கழட்டி வாயால உறிஞ்சிப் பாத்தா அந்த இழுப்பு அப்படியே நிக்கணும், நிக்கலேன்னா மாத்துங்க.

கெஞ்சிக் கேக்கறேன், காத்து லீக் கண்டுபிடிக்கறேன்னு ஓடற இன்ஜின் மேல கார்ப் கிளீனர் (சட்டுனு தீப்பிடிக்கிற ஸ்பிரே) அடிக்காதீங்க. யூட்யூப்ல காட்டறாங்க, சரி. ஆனா டர்போ வண்டியில எக்ஸாஸ்ட் பக்கம் பல நூறு டிகிரி சூடு, ஹீட் ஷீல்டு பாதி வண்டியில உடைஞ்சு போயிருக்கும். ஒரு பையன் கை வெந்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். ஸ்மோக் மெஷின் இல்லேன்னா, வண்டியை ஆஃப் பண்ணி, ஏர் பாக்ஸ் பக்கம் குழாயை அடைச்சு, கம்ப்ரெசர்ல கொஞ்சமா காத்து விட்டு சோப்புத் தண்ணி அடிங்க. 5 பிஎஸ்ஐ தாண்டாதீங்க, அந்தக் காத்து பிரீதர் வழியா கிரேங்க்கேஸுக்கும் போகும், ஆயில் சீல் பிதுங்கிடும்.

ஏர் மாஸ் சென்சார் கனெக்டரைக் கழட்டி ஓட்டினா நல்லா ஓடுது, அப்ப சென்சார்தான் போச்சுன்னு முடிவு பண்றாங்க. கழட்டினா கம்ப்யூட்டர் தன் கிட்ட இருக்கற ஒரு உத்தேசக் கணக்குல ஓட்டும், லீக் இருக்கற வண்டியும் அப்ப கொஞ்சம் தேவலாம்னு தோணும். அதை மட்டும் வெச்சு புது சென்சாருக்குக் காசு கொடுக்காதீங்க. அந்த சென்சாரைக் கிளீன் பண்ணணும்னா அதுக்குன்னு விக்கற ஸ்பிரே மட்டும்தான், துணி, பட்ஸ், கார்ப் கிளீனர் எதுவும் கூடாது. ஆயில் தடவற ஏர் ஃபில்டர் போட்டிருந்தா ஆயிலை சொட்டச் சொட்டத் தடவாதீங்க.

துரோட்டில் பாடியைக் கழட்டிக் கிளீன் பண்ணிட்டு அடாப்டேஷன் (கம்ப்யூட்டருக்கு துரோட்டில் நிலையை மறுபடி கத்துக் கொடுக்கறது) பண்ணாம கொடுத்து விடறதும் இப்ப அதிகமாயிடுச்சு. சாவி ஆன், இன்ஜின் ஆஃப், குரூப் 060, ரெண்டு நிமிஷ வேலை. அதைப் பண்ணாம விட்டா இல்லாத பிரச்சனை புதுசா வரும்.

பிளக் இடைவெளி, காயில், குளிரூட்டி டெம்பரேச்சர் சென்சார், இன்ஜின் எர்த் ஒயர், இதெல்லாமும் ஐடிலைக் கெடுக்கும்தான். சர்வீஸ்ல ஒழுங்கா பாக்கறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

வண்டி கொண்டு வர்றவங்களுக்கு ஒரே வேண்டுகோள். வர்றதுக்கு முன்னாடி கோடை அழிச்சுட்டு வராதீங்க, பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டிட்டு வராதீங்க, எனக்கு வேண்டியதே அதுல இருக்கற பழைய நம்பர்தான். முடிஞ்சா முந்தின நாள் சாயங்காலமே விட்டுட்டுப் போங்க, காலைல முதல் ஸ்டார்ட்டுல இருந்து சூடாகிற வரைக்கும் நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.