ஜங்ஷன்: சொல் விளக்கம்

சேர்த்தல், இணைத்தல் எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் ஜங்ஷன். சம்ஸ்கிருதத்தின் ‘யோகம்’ என்பதும் இதே வேர்க்குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இச்சொல் முதலில் ரயில் நிலையத்தையே நினைவூட்டும். கன்னியாகுமரி மாவட்டத்திலோ ரயில் வருவதற்கு முன்பே இது சாலைச் சொல்லாக வேரூன்றிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979-இல்தான். 1981-இல் திருநெல்வேலிப் பாதையும் வந்து சேர்ந்த பிறகே நாகர்கோவில், ரயில்வே கணக்கில் ஜங்ஷன் ஆயிற்று.

இங்கு ஜங்ஷன் என்பது சாலைகள் கூடும் இடத்தை மட்டும் குறிப்பதில்லை. ‘ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்’ என்று ஒருவர் சொன்னால், தேநீர்க்கடை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், ஆட்டோ நிற்குமிடம் எல்லாம் அடங்கிய ஊர் நடுவுக்குப் போகிறார் என்று பொருள். இரண்டு பாதைகள் மட்டுமே உள்ள சிற்றூரிலும், நான்கு கடைகள் சேர்ந்துவிட்டால் அந்த இடம் ஜங்ஷன்தான்.

இவ்விடங்களின் பழைய பெயர்களைப் பார்த்தால் தெரு எப்படி வளர்ந்தது என்பது விளங்கும். இம்மாவட்ட வழக்கில் ‘மூடு’ என்பது மரம் செடிகளின் அடிப்பகுதி. நாகர்கோவிலின் வேப்பமூடும் தக்கலைப் பக்கத்து முளகுமூடும் அப்படி வந்த பெயர்கள். மர நிழல் வழிநடையருக்கு நிற்குமிடமாகி, நின்றவர்களை நம்பி ஓட்டுக்கூரைக் கடைகள் வந்தன. எண்ணிட்ட மரப்பலகைகளைச் சட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டும் அக்கடைகளில், பலகை வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே நுழையாது. பின்னர் கான்கிரீட் மாடிகளும் இரும்பு ஷட்டர்களும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இத்தனை மாற்றத்திலும் பெயர் மட்டும் மரத்தடியிலேயே நிற்கிறது. இதற்கு மாறாக, நாகர்கோவிலின் மணிமேடை என்ற பெயருக்குரிய மணிக்கூண்டு 1893 முதல் கண்முன் நிற்கிறது; சுற்றியுள்ள தெருதான் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது.

மார்த்தாண்டத்தில் மாற்றம் வேறு வகையானது. தொடுவெட்டி என்று வழங்கிய அந்தச் சந்தையூரின் கடைவீதிக்கு மேலே, ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளத்தில் இரும்புப் பாலம் எழுந்தது. நெடுந்தூர வாகனங்கள் இன்று ஜங்ஷனைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. பாலத்தடியில் சாலைகள் இன்றும் கூடத்தான் செய்கின்றன; ஆனால் போகிறபோக்கில் இறங்கிப் பழம் வாங்கும் வழிப்போக்கர் மேலேயே போய்விடுகிறார்.

இனித் தமிழ்ச்சொல். பெயர்ப்பலகைகளில் ‘சந்திப்பு’ என்றே எழுதுகிறார்கள். ‘சந்தி’ வடசொல்லடியாக வந்ததே ஆயினும் மிகப் பழையது. முருகன் உறையும் இடங்களைச் சொல்லும் திருமுருகாற்றுப்படை ‘சதுக்கமும் சந்தியும்’ என்று தொடர்கிறது. முச்சந்தி, நாற்சந்தி, ‘சந்தி சிரிக்கிறது’ என்பவை இன்றும் பேச்சில் உள்ளன. வழி கவர்த்துப் பிரியும் இடத்துக்குக் ‘கவலை’ என்றொரு தூய தமிழ்ச்சொல் உண்டு. மலையாளத்தில் அது ‘கவல’ என்று உயிரோடிருக்க, தமிழில் மனக்கவலை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. அதைப் பலகையில் எழுதினால் படிப்பவர் சிரிப்பார். திருநெல்வேலிச் சீமையின் ‘முக்கு’ பேச்சுக்கு நன்று, தெருமுனையை மட்டும் குறிக்கவும் போதும். ஊர் நடுவைச் சுட்ட அதற்கு வலுவில்லை.

ஆகவே சாலைகள் கூடுமிடத்துக்குச் சந்திப்பு என்பதும், கடைகண்ணி நிறைந்த ஊர் நடுவுக்குக் கடைத்தெரு அல்லது கடைவீதி என்பதும் பொருந்தும். இடப்பெயரோடு சேர்க்கும்போது பெரும்பாலும் இரண்டுமே வேண்டியதில்லை. பேருந்தில் நடத்துநர் ‘வேப்பமூடு இறங்கு’ என்றுதான் குரல் கொடுக்கிறார். யாரும் இடம் தவறி இறங்குவதில்லை.