பூட்டிய வீட்டு முகப்பில் டார்ச் வெளிச்சம்

நான் குற்றவியல் வக்கீல். நான்கு வருடங்களுக்கு முன் வழக்குக்காக என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவருக்கு வயது ஐம்பத்தெட்டு. காரைக்குடியை ஒட்டிய ஒரு செட்டிநாட்டுக் கிராமம். அவர் வீட்டுக்கு அடுத்தாற்போல் பெரிய வீடு ஒன்று வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். சாவிக்கொத்து இவரிடம். மாதம் ஒருமுறை திறந்து, பெருக்கி, வௌவால் எச்சத்தைக் கழுவி, ஓடு விலகியிருந்தால் ஆள் வைத்துச் சரிசெய்து, ஆச்சிக்கு போனில் சொல்லுவார். இதற்காக ஒரு பைசா வாங்கியதில்லை.

ஒரு நாள் இரவு பதினொன்றரை மணி. நாய் விடாமல் குரைத்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டு முகப்பில் டார்ச் வெளிச்சம் அலைகிறது. ஊரணிக் கரையில் விளக்கணைத்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. இரண்டு மாதம் முன்புதான் அடுத்த ஊரில் பூட்டிய வீட்டிலிருந்து பித்தளைச் சாமான்களை வண்டியோடு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அண்ணன் மகன்கள் இருவரையும் எழுப்பினார். கையில் அகப்பட்ட மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் நுழைந்தார். எதிரே துணியில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். அடித்தார்.

விழுந்தவர் அந்த வீட்டின் இன்னொரு பங்காளியின் மாப்பிள்ளை. பின்னால் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்ற எழுபது வயது அம்மாள், "நாங்க வீட்டுக்காரவுகடா, அடிக்காதீகடா" என்று அலறியிருக்கிறார். பக்கத்து ஊரில் நெருங்கிய உறவில் ஒரு சாவு. பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து காரைக்குடியில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, இரவு தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று வந்தவர்கள். மெயின் சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை, அதனால் டார்ச். துணியில் சுற்றியிருந்தது குடிக்கத் தண்ணீர் பிடிக்க எடுத்த பித்தளைக் குடம். மாப்பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்தது.

என் முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, திருடன்னு நெனச்சுத்தானே அடிச்சேன்? நல்லதுக்குத்தானே போனேன்?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்த விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஆனால் நல்லெண்ணத்தோடு ஒரு காரியத்தைச் செய்தவரைச் சட்டம் மன்னிக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது பிரிவு 79. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 17. ஆனால் நல்லெண்ணம் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதல்ல. மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது மட்டும் போதாது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகச் சட்டம் ஏற்காது. அப்படியென்றால் நீதிமன்றம் என்ன கேட்கும்? "அடிப்பதற்கு முன் யார் என்று கேட்டீர்களா? வீட்டுக்காரருக்கு போன் செய்தீர்களா? போலீசுக்குச் சொன்னீர்களா?" என் கட்சிக்காரரின் செல்போன் அந்த நேரம் முழுக்க அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

ஆச்சியிடம் பிற்பாடு நானே பேசினேன். உறவில் சாவு விழுந்த தகவல் அன்று மாலையே அவருக்குத் தெரியும். "கேட்டிருந்தா, பங்காளி வீட்டு ஆளுகளா இருக்கும் தம்பின்னு சொல்லியிருப்பேனே" என்று அழுதார். பாகப்பிரிவினைத் தகராறில் பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் அவர்கள் வருவதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் கூடுதல். ஒரு வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அரிது. ஒரே வளவைச் சுற்றி இந்த அறை இந்தப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு), அந்த அறை அந்தப் புள்ளிக்கு என்று பல பங்குகள் இருக்கும். நமக்குத் தெரிந்தவர் ஒரு பங்காளி. தெரியாத பங்காளி மலேசியாவிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வருவார், அறுபதாம் கல்யாணச் சாந்திக்குச் சாமான் எடுக்க வருவார், பாதி ராத்திரியில்தான் வந்து இறங்குவார். அவரும் உரிமையுள்ளவர்தான். அவரிடம் சாவி இல்லாமல் பூட்டை உடைத்தாலும்கூட, அது திருட்டா பங்காளிச் சண்டையா என்று அந்த இடத்தில் தீர்மானிப்பது நம் வேலையல்ல. பார்த்ததைச் சொல்வது நம் வேலை.

சரி, வந்தவர் உண்மையிலேயே திருடனாக இருந்தால்?

குற்றவியல் வக்கீல் என்பதால் திருட்டு வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் ஆஜராகிறேன். பூட்டிய வீட்டை உடைத்துப் பிடிபட்டவர்கள் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, கையில் இருக்கும் கடப்பாரை பூட்டை நெம்பத்தான், ஆனால் ஓட வழியில்லாமல் யாராவது மறித்தால் அதுவே ஆயுதம். இன்னொன்று, உள்ளே போகிறவன் தனியாக வருவதில்லை, வெளியே ஓர் ஆள் நிற்பான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பைத் திறந்து அடுத்த தெருவில் பின்கட்டில் முடிகிறது. முகப்பு வழியாக நுழைகிற உங்களுக்குப் பின்கட்டில் நிற்பவன் கண்ணில் படவே மாட்டான். இருட்டு, தூண்கள், உங்களுக்குப் பழக்கமில்லாத படிகள், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். அந்த வீட்டுக்குள் காலடி வைத்த நிமிடமே அனுகூலம் முழுவதும் அவன் பக்கம் போய்விடுகிறது.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் சாட்சியத்தை நான் மறக்கவில்லை. பின்னிரவு இரண்டு மணிக்கு மேல், எதிர்வரிசைப் பூட்டிய வீட்டில் மரத்தை அறுக்கும் சத்தம். அவர் கதவைத் திறக்கவில்லை. முதலில் தன் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் போட்டார், வாசல் விளக்கு, மாடி விளக்கு உட்பட. மகளைவிட்டு 100-க்கு அடிக்கச் சொன்னார். பிறகு மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தெருவில் உள்ள ஆண்களை முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். "மாமா, எந்திரிங்க. பெரியண்ணே, அங்கிட்டுப் பின்வாசலுக்குப் போங்க." அவர் கூப்பிட்ட நான்கு பேரில் இரண்டு பேர் அன்று ஊரிலேயே இல்லை. அது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாதே. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சின்ன லாரி கிளம்பி ஓடியது. பாதி அறுத்த தேக்குத் தூணை விட்டுவிட்டுப் போனார்கள். தன் வீட்டு வாசல் விளக்கில் தெரிந்த வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், மணியோடு எழுதி வைத்தார்.

அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வக்கீல் நான். குறுக்கு விசாரணையில் அவரை நான்தான் கேட்டேன். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம், எண்ணை எப்போது எழுதினீர்கள் என்று எப்படிக் கேட்டும் அவர் தடுமாறவில்லை. தன் வீட்டு வெளிச்சத்தில், தன் வீட்டுக்குள் நின்று, பார்த்ததை அங்கேயே எழுதியவரிடம் அசைப்பதற்கு எதுவுமில்லை. வீட்டை உடைத்தவர்கள் பிடிபட்டதற்குக் காரணம் அந்தக் காலண்டர் தாள்.

தற்காப்பு உரிமை பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "ராத்திரி வீடு புகுந்தவன வெட்டினாக்கூட கேசு இல்ல" என்பது அதில் ஒன்று. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து அதிகம். நம் பொருளை மட்டுமல்ல, பிறர் உடலையும் பொருளையும் காக்கிற உரிமை சட்டத்தில் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 35 அதைத்தான் சொல்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காகவும் நீங்கள் தடுக்கலாம். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிராக அந்த உரிமை உயிர்ச்சேதம் வரைக்கும்கூட நீளலாம் என்று பிரிவு 41 சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவே பிரிவு 37-க்குக் கட்டுப்பட்டது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. உரிமை இருக்கும்போதும், தேவைக்கு மேல் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது. யாருமில்லாத வீடு, உள்ளே ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை, உங்கள் கையில் போன் இருக்கிறது. இந்த நிலையில் நேரம் இல்லை என்று நீதிபதியிடம் எப்படிச் சொல்வீர்கள்? தற்காப்பு என்று வாதிட்டால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையது.

பிடித்த பிறகு மின்கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்களே, அதற்குத் தற்காப்பு என்ற பெயரே பொருந்தாது. கண்முன்னே ஜாமீனில் விட முடியாத குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடித்து வைக்கலாம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 40-இன்படி தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும். பிடித்து வைத்த பிறகு விழும் ஒவ்வோர் அடியும் தனிக் குற்றம். அந்த அடியில் ஆள் இறந்துபோனால், கூட நின்றவர்கள் மீதும் கொலை வழக்கு வரும்.

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த 65 வயது அம்மாள், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள். கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் போனது. கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம். பட்டப்பகலில் நடந்தது அது. பகலிலேயே முகம் பார்த்துப் பேசி விசாரிக்க முடியாமல் போனவர்கள் இருட்டில் என்ன செய்வார்கள் என்ற பயம் எனக்கு இன்றும் போகவில்லை. "நம்ம ஊர்ல திருடங்க பூந்துட்டாங்க, எல்லாரும் வாங்க" என்று ஊர்க் குழுவில் ஒரு குரல் பதிவு போடுமுன் தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பொறுப்பான ஆட்களுக்குத் தனித்தனியாக போன் செய்வது போதும்.

பக்கத்து வீட்டில் வெளிச்சமோ சத்தமோ வந்தால், முதலில் உங்கள் வீட்டு விளக்கைப் போடுங்கள். கதவைத் திறக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு அடியுங்கள், எந்த நேரமானாலும் சரி. தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து தயங்காதீர்கள். அவர் எடுக்கவில்லை, அல்லது யாரையும் அனுப்பவில்லை என்கிறார் என்றால் உடனே 100 அல்லது 112. எடுப்பவருக்கு உங்கள் ஊர் தெரிந்திருக்காது. மாவட்டம், வட்டம், காவல் நிலையம், ஊர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஊரணி என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்த அழைப்பின் நேரம் பதிவாகும். பின்னால் வழக்கு என்று வந்தால் நீங்கள் உரிய கவனத்தோடு நடந்தீர்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை.

அப்புறம் உங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே குரல் கொடுங்கள். "யாரு? எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?" மரியாதையோடு கேளுங்கள். வீட்டுக்காரர் வெளிச்சத்துக்கு வந்து, விலாசம் (பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகள்) சொல்லி, இன்னார் மகன் என்று முறை சொல்லி, தாங்கள் எந்தக் கோயில் பிரிவு என்றுகூடச் சொல்லுவார். அந்நியன் விளக்கை அணைப்பான், அல்லது சத்தமில்லாமல் நிற்பான். விலாசத்தைத் தெரிந்து வைத்திருக்கும் திருடனும் இருக்கலாம் என்பதால், பதில் சரியாக இருந்தாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை உறுதி செய்த பிறகே வெளியே வாருங்கள். அவர்கள் கிளம்பி ஓடினால் ஓடட்டும், வழியை மறிக்காதீர்கள். வண்டி எண்ணை எழுதுங்கள். போலீஸ் வரும் வரை உடைந்த பூட்டையோ கதவையோ தொடாதீர்கள், கைரேகை எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டு, வேறு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று சொல்லாமல் போகிறார்கள். பங்காளிகளுக்குள் பேச்சு இல்லாமல் இருக்கலாம், ஆனால் பார்த்துக்கொள்கிறவரிடம் எல்லாப் பங்காளிகளின் எண்ணும் இருக்க வேண்டும். ஊருக்கு வருவதானால் முதல் நாளே ஒரு போன். சொல்லாமல் வர நேர்ந்தால், தன் வீட்டுப் பூட்டில் கை வைப்பதற்கு முன் பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஒரு குரல். நீண்ட நாள் பூட்டிப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், இரவு ரோந்து வருகிற காவலர்களுக்கு அந்த வீடு காலியாக இருப்பது தெரிந்திருக்கும்.

என் கட்சிக்காரர் வழக்கு இரண்டு வருடம் இழுத்து, சமரசத்தில் முடிந்தது. அந்த இரண்டு வருடத்தில் வாய்தாவுக்கு வந்து போனதிலேயே அவர் ஓய்ந்துவிட்டார். ஆச்சி சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. இப்போது என் கட்சிக்காரர் வீட்டு நிலைக்கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் ஆச்சி சொன்ன எண்கள், வலது பக்கம் பங்காளி வீட்டார் சொன்ன எண்கள், கீழே காவல் நிலையத்து எண். போன பங்குனியில் அந்த மாப்பிள்ளை மறுபடி அதே பல்லவனில் வந்தார். கார் முதலில் நின்றது என் கட்சிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு எதிரேதான். "அண்ணே, நாங்க வந்திருக்கோம்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. இவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.