"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு" என்றால் போதாது: ஏரிக்கரை ஊருக்குக் குடிபோகும் முன்

"பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கான்னு விசாரிச்சுட்டுத்தான் டாக்டர் அங்க வீடு வாங்கினோம்."

ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, ஆறு மணி நேரம் கழித்து வந்து சேரும் முதியவரின் மனைவியோ மகனோ முதலில் சொல்வது இதைத்தான். மூப்பியல் மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள், இனி ஏரிக்கரையில் சின்ன ஊரில் நிம்மதியாக இருக்கலாம் என்று போனவர்கள். இந்த மாதமும் அதே வாக்கியத்தைக் கேட்டாகிவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தினமும் கரையோரம் நடக்கிறவர்களுக்கு ரத்த அழுத்தமும் தூக்கமும் நன்றாக இருப்பதை நாங்களே பார்க்கிறோம். ஆனால் வீட்டைப் பார்க்கிற கண்ணோடு ஊரையும் பாருங்கள். அதுவும் இப்போதைய 62 வயதுக் கண்ணால் பார்த்தால் போதாது. 80 வயதில், ஒருவேளை தனியாக, அங்கே எப்படி இருப்பீர்கள் என்று பாருங்கள்.

முதலில் அந்த "பக்கத்துல ஆஸ்பத்திரி" விஷயம். ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய சிகிச்சை எத்தனை நிமிடத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் இத்தனை பேர் காலந்தாழ்த்தி வருகிறார்கள்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதாவது 270 நிமிடம். அந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதிலேயே பலர் தவறு செய்கிறார்கள். நோயாளி நன்றாக இருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நேரம்தான் தொடக்கம். இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை விழுந்து எழுந்தால், எங்கள் கடிகாரத்தில் எட்டு மணி நேரம் போய்விட்டது. விசேஷ ஸ்கேன் வசதியுள்ள பெரிய மையங்களில் அவர்களிலும் சிலருக்கு வழி உண்டு. சின்ன ஊரில் அதை எதிர்பார்க்க முடியாது.

இப்போது 270 நிமிடம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று வீட்டில் 30 நிமிடம். ஆம்புலன்ஸ் வந்து சேர 35. தூக்கி ஏற்ற 15. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு 25. ஆக 105. அங்கே டாக்டர் பார்த்து, சிடி ஸ்கேன் இல்லை என்று சொல்லிக் கடிதம் எழுத 30. வேறு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்ய 45. பெரிய ஆஸ்பத்திரிக்கு 80. மொத்தம் 260. வாசலில் வந்து இறங்கியாயிற்று. நல்ல ஆஸ்பத்திரியிலும் ஸ்கேன் எடுத்து, படித்து, ஊசி போட ஒரு மணி நேரம் வரை ஆகும். 320. முடிந்தது.

அதே ஆள், அதே வீடு. பக்கத்து ஆஸ்பத்திரியில் நிற்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு 90 நிமிடம் போயிருந்தால் 30, 35, 15, 90, 60 என்று 230-ல் ஊசி ஏறியிருக்கும். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று தடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. 320-க்கும் 230-க்கும் இடையிலான அந்த 90 நிமிடம் அவரைத் தாமதமாக்கியது அந்தப் "பக்கத்து ஆஸ்பத்திரி"தான்.

சிடி இல்லாமல் ஊசி போடச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கசிவில் அந்த ஊசி போட்டால் ஆள் போய்விடுவார்.

மாரடைப்பில் கதை தலைகீழ். இசிஜியில் பெரிய அடைப்பு தெரிந்து, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் விட்டு அடைப்பை விரித்துத் திறப்பது) செய்ய வழியில்லை என்றால், கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு இசிஜியும் மருந்தும் தெரிந்த டாக்டரும் போதும். ஆகவே மாரடைப்புக்கு அதே சின்ன ஆஸ்பத்திரி உயிர் காக்கும். எதற்கு எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் உங்கள் வேலை.

எனவே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்க் கேளுங்கள். சிடி ஸ்கேன் 24 மணி நேரமும் ஓடுகிறதா, இரவில் அதைப் படிப்பவர் யார்? பக்கவாத ஊசியை நீங்களே போடுவீர்களா, அனுப்பிவிடுவீர்களா? எங்கே அனுப்புவீர்கள், ஞாயிறு இரவு 2 மணிக்கு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம்? அனுப்பும் ஆம்புலன்ஸ் உங்களுடையதா, வெளியிலிருந்து வர வேண்டுமா? ரத்த வங்கி உண்டா? வரவேற்பில் இருப்பவரிடம் வேண்டாம், அவசரப் பிரிவு நர்ஸிடம் கேளுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடமும் கேளுங்கள், அவர் சொல்லும் நிமிடக் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும். வீட்டுத் தரகர் சொல்வதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஏரிக்கரை ஊர்கள் பலவும் சீசன் ஊர்கள். சீசனில் ஒற்றைச் சாலை முழுக்க வண்டி நிற்கும். சீசன் முடிந்தால் மருந்துக்கடை பாதி நேரம், கிளினிக் வாரத்தில் இரண்டு நாள். நீங்கள் வீடு பார்க்கப் போவதோ வெயிலும் காற்றும் இதமாக இருக்கும் அந்த இரண்டு வாரத்தில். மழையோ குளிரோ பனிமூட்டமோ, அந்த ஊருக்கு எது மோசமான காலமோ அப்போது போய்ப் பாருங்கள்.

இதயம் நின்றுவிட்டால் மேற்சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. மார்பை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் 35 நிமிடத் தூரத்தில் இருந்தால் கணவனும் மனைவியும்தான் ஒருவருக்கொருவர் ஆம்புலன்ஸ். மார்பை அழுத்த வேண்டியது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். அரை நாள் பயிற்சி. இருவரும் போங்கள், ஒருவர் கற்றால் போதும் என்று நினைக்காதீர்கள். கற்றவருக்கே இதயம் நின்றால் யார் அழுத்துவது?

அடுத்து வீடு. ஏரியைப் பார்த்த வீடென்றால் பெரும்பாலும் சரிவில் இருக்கும். சாலையிலிருந்து வாசலுக்குப் படி, பின்வாசலிலிருந்து கரைக்குப் படி. கரைப்படியில் தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் இரண்டு மூன்று படிகள் எப்போதும் வழவழவென்று இருக்கும். பாசி உலர்ந்து போய்க் கறுப்பாக, கல்லின் நிறத்திலேயே தெரியும். அதிகாலைப் பனியில் நனைந்ததும் சோப்புத் தடவியது போல ஆகிவிடும். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும், அது கடைசிப் படியைத் தாண்டியும் கொஞ்சம் நீள வேண்டும். கடைசிப் படியில்தான் கை பிடியை விடும், கால் இன்னும் தரையைத் தொட்டிருக்காது. மிதவை மேடையில் நடக்கும்போது பலகை அசையும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் அதில் தனியாகப் போக வேண்டாம்.

வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் ஓராண்டுக்குள் நூற்றில் 20 முதல் 30 பேர் இறந்துபோகிறார்கள். அறுவை சிகிச்சையை 48 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்ப்போம், தள்ளிப்போகப் போக நுரையீரலில் சளியும் படுக்கைப்புண்ணும் முந்திக்கொள்ளும். விழுந்தவர் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் அது தனி ஆபத்து. தசை நசிந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். பக்கத்து வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் ஊரில் யார் கூப்பிடுவது? கழுத்திலோ மணிக்கட்டிலோ அவசர பட்டன் போடுங்கள். அதைக் குளிக்கும்போது கழற்றி வைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் கழற்றி வைக்கும் இடமும் விழும் இடமும் ஒரே குளியலறை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சிடி எடுக்க வேண்டும். "ரத்தமே வரலியே" என்று காத்திருக்காதீர்கள், உள்ளே மெதுவாகக் கசியும். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்கும் லேப் ஊரில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளை சக்கர நாற்காலி வந்தாலும் புழங்க முடிய வேண்டும்: கதவு 80 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம், சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், படுக்கையறையும் கழிப்பறையும் ஒரே தளத்தில். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

வண்டி ஓட்டுவதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. பெரும்பாலான தம்பதிகளில் ஒருவர்தான் ஓட்டுவார். முதலில் படுக்கையில் விழுவது அவராக இருந்தால் மற்றவர் அந்த அழகான வீட்டில் சிறைப்பட்டது போல ஆகிவிடுகிறார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்றால் போய்வரும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், வாரத்தில் பாதி போய்விடும். கண்ணுக்குள் போடும் ஊசிக்கு மாதாமாதம், கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரம் ஐந்து நாள். ஆகவே வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள். சீசன் இல்லாத காலத்தில், வண்டிச் சாவியைத் தொடாமல், 14 நாள் வாழ்ந்து பாருங்கள். மருந்து, மளிகை, டாக்டர், யாராவது ஒருவரோடு நாலு வார்த்தை பேச்சு, எல்லாம் நடந்தால் அந்த ஊர் உங்களுக்குச் சரி.

அந்த நாலு வார்த்தைப் பேச்சை லேசாக எண்ணாதீர்கள். டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் தனிமைப்படுதலும் ஒன்று, காது கேட்பது குறைவதும் பார்வை குறைவதும் கூட உண்டு.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், பணக்கணக்கில் தடுமாறுகிறார் என்றால், தயவுசெய்து முதலில் ஞாபகசக்திப் பரிசோதனை, பிறகுதான் வீடு மாற்றுவது. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டில் கால் தானாகவே கழிப்பறைக்குப் போகும், விளக்கு சுவிட்சைக் கை தானாகவே தேடும். அந்தப் பழக்கம் மறதியை மறைத்துக்கொண்டிருந்திருக்கும். புது வீட்டில் முதல் இரவே குழம்பிப்போவார். டிமென்ஷியா உள்ளவர் இரவில் எழுந்து வெளியே நடந்தால், வீட்டெதிரே திறந்த ஏரி. கரைப்பக்கம் வேலியும், திறந்தால் ஒலிக்கும் கதவுமணியும் இல்லாத வீட்டில் அவரை வைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஏரி பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆனால், அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். கையுறை போட்டு ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். தலைமுடி போல இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்டில் முக்கியது போல ஒட்டிக்கொண்டால் நாயைக்கூட அருகில் விடாதீர்கள். "கொதிக்க வெச்சுக் குடிச்சா போதும்" என்கிறார்கள். போதாது. அதன் ஈரல் நச்சு கொதித்தாலும் அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குடிநீரில் இந்த மைக்ரோசிஸ்டின் நச்சுக்கு, நீண்டகாலப் பயன்பாட்டுக்கு, உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டி அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கரையோரக் கிணற்றில் ஏரி நீர் கலக்கலாம். நிலத்தடி நீர் மேலே இருப்பதால் செப்டிக் டேங்க் கழிவும் கலக்கலாம். வாங்குவதற்கு முன்பே கிணற்று நீரை லேபில் கொடுத்துக் கிருமியும் நைட்ரேட்டும் பாருங்கள்.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் அலமாரியின் பின்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமும் பூஞ்சை வாசமும் இருந்தால் அந்த வீடு வேண்டாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், 60-ஐத் தாண்டக்கூடாது.

மின்தடையை மறந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மின்சாரம் போனால் நிற்கும், மாற்று சிலிண்டர் கையில் இருக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை உருகினாலும் போடாதீர்கள். தினசரி மருந்துகள் எப்போதும் ஒரு மாதக் கையிருப்பு.

போய்விட்டீர்களா? முதல் வாரத்திலேயே மூன்று வேலை. குளியலறைக்குள் நின்று போன் செய்து பாருங்கள், சிக்னல் இல்லையென்றால் சரிசெய்யுங்கள். இரவில் வண்டி வெளிச்சத்தில் தெரியும்படி வீட்டு எண்ணைச் சாலையோரத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஏரிக்கரைச் சந்துகளில் ஆம்புலன்ஸ் வீடு தேடி அலைவது சர்வ சாதாரணம். பிறகு ஒரே ஒரு தாளில் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) அளவு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டை நகல், இவற்றோடு உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த இசிஜியின் நகல். புது இசிஜியைப் பழையதோடு ஒப்பிட முடிந்தால், இரவு 2 மணிக்கு உங்களை அறியாத ஒரு டாக்டருக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பீரோவுக்குள் வேண்டாம்.