பழைய பத்திரத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர்

வம்சாவளி தயாரிக்க வருபவர்கள் பழைய பத்திரத்தை நீட்டி, "இதில் எங்கள் கொள்ளுத்தாத்தா கோவிந்தன் பெயர் இருக்கிறதா, பாருங்கள்" என்பார்கள். பெயரை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கண் அதையேதான் பிடித்துக்கொள்ளும். வேறொருவருடைய முன்னோர் நம் வம்சாவளியில் ஏறிவிடுவது இப்படித்தான்.

அந்தக் காலத்துக் கையெழுத்தில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எ, ஒ குறிலுக்கு ஒற்றைக்கொம்பும் ஏ, ஓ நெடிலுக்கு இரட்டைக்கொம்பும் வேண்டும் என்ற வழக்கம் வீரமாமுனிவர் காலத்திலிருந்து, அதாவது 18ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்தாலும், எழுதுபவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் தாளில் "கெரவிநதன" என்று தெரிவது கோவிந்தன். "செநதன" என்பதோ சேந்தனா, செந்தனா என்று அந்த ஒரு சொல்லை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்கள் "அண்ணாமலை"யிலேயே தடுமாறுவார்கள். ணா, லை இரண்டுமே பழைய வடிவில் இருக்கும்.

ஆகவே பெயரை விட்டுவிடுங்கள். கிரயம், கிராமம், குமாரன், எழுதிக்கொடுத்த என்று எல்லாப் பத்திரத்திலும் வரும் சொற்களை முதலில் கண்டுபிடியுங்கள். எழுதியவர் மகரத்தை எப்படி வளைக்கிறார், ழகரத்தை எங்கே இழுக்கிறார் என்று தனித்தாளில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். பெயருக்கு அதன் பிறகு வாருங்கள். பதிவான பத்திரமென்றால் பின்பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். பதிவு அலுவலகக் குறிப்பில் அதே பெயரை வேறொரு கை எழுதியிருக்கும். முன்பக்கத்துச் சிக்கல் பல நேரம் அங்கே அவிழும்.

பெயர் சரியாக வந்தாலும் ஆள் மாறலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். தமிழ் வருடப் பெயர்களோ 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. வெறும் "பிரபவ ௵" (௵ என்பது வருடத்தின் குறியீடு) என்றிருந்தால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். தாத்தாவா பேரனா என்பதே கேள்வி. முத்திரையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தால் 1927தான்.

தெளியாத எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். தெரிந்தபடியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி இட்டு, சாத்தியமான இரண்டு பெயர்களையும் குறித்து வையுங்கள். மங்கிய எழுத்தின்மேல் பேனா ஓட்டுவதும் தாளை லேமினேட் செய்வதும் கூடவே கூடாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.