ஊசி குத்தினால் நாரி நோ ஏன் குறைகிறது?

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2009-இல் ஏறிய செல் பீஸ் (எறிகணைச் சிதறல்) ஒன்று அவருடைய கணவரின் நாரிப் பக்கம் இன்னும் கிடக்கிறதாம். எடுக்கப் போனால் நரம்பு பழுதாகலாம் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். மாரி தொடங்கினால் உளைவு தாங்காது. இப்போது அக்குபங்சர் ஊசியும் குத்தி, முதுகில் கோப்பை கவிழ்த்துத் தோலை இழுக்கும் கப்பிங்கும் செய்யும் ஒருவரிடம் போகிறார். நோ குறைகிறது என்கிறார். "சீனி வருத்தமும் இதிலேயே மாறிவிடும், குளிசையை விடலாம் என்று சொல்கிறார்கள். உண்மையா?"

குளிசையை விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

கோப்பையின் கதை சின்னது. உள்ளே நெருப்புக் காட்டினால் காற்று சூடாகி விரிகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது. தோலில் கவிழ்த்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்க, அமுக்கம் குறைந்து தோல் உள்ளே இழுபடுகிறது. (எரியும் மெழுகுதிரியைக் கிளாசால் மூடினால் தண்ணீர் ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒட்சிசன் தீர்ந்ததால் என்று இன்னமும் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கிறோம்!) இழுவையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் இரத்தம் கசிகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்த வட்டங்கள் இந்தக் கண்டல்தான். சிலர் கோப்பை வைக்கும் இடத்தைக் கீறி இரத்தமும் எடுப்பார்கள்; அப்போது வருகிற கறுத்த இரத்தத்தைக் "கெட்ட இரத்தம்" என்று காட்டுவார்கள். ஒட்சிசன் குறைந்து, கொஞ்சம் உறைந்தால் யாருடைய இரத்தமும் அப்படித்தான் இருக்கும். கழிவை அகற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

ஊசியின் கதைதான் எனக்குப் பிடித்தது. 2010-இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, பாதத்தில் வலியுள்ள எலிகளின் முழங்காலுக்குக் கீழே ஊசி ஏற்றியது. சும்மா ஏற்றிவிட்டு இருக்கவில்லை. அரை மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஊசியைத் திருகினார்கள். ஊசியைச் சுற்றியுள்ள திரவத்தை எடுத்துப் பார்த்தால் அடினோசின் என்ற பொருள் ஏறக்குறைய 24 மடங்கு கூடியிருந்தது.

அது எங்கிருந்து வந்தது? கலங்களின் சக்திப் பொருளான ஏ.ரீ.பி-யைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது கலத்துக்குள்ளே இருக்க வேண்டிய சரக்கு. ஊசி திருகும்போது நெருக்கடிக்குள்ளாகும் கலங்கள் அதை வெளியே கசியவிடுகின்றன. வெளியே காத்திருக்கும் நொதியங்கள் அதன் பொசுபேற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. மூன்றும் போனால் மிஞ்சுவது வெறும் அடினோசின். அது பக்கத்தில் ஓடும் வலி நரம்பின் ஏ1 வாங்கியில் (அடினோசினைப் பிடிக்கும் புரதம்) போய் உட்கார, நரம்பு அடங்குகிறது. பிறப்பிலேயே ஏ1 வாங்கி இல்லாத எலிகளுக்கு எவ்வளவு திருகியும் வலி குறையவில்லை. அடினோசின் சீக்கிரம் அழியாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது நிவாரணம் நீண்டது. இந்த இரண்டு சோதனைகளின் அழகுக்காகவே அந்தக் கட்டுரையை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். 2012-இல் மனிதரிலும் ஊசிக்கருகே அடினோசின் கூடுவதை அளந்தார்கள்.

அப்ப, இங்கேதான் குத்த வேண்டும் என்று சீன அக்குபங்சர் வரைபடங்களில் காட்டும் புள்ளிகள்? ஜெர்மனியில் நாரி நோவுள்ள 1162 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் சரியான புள்ளியில் குத்தியவர்களில் 47.6 சதவீதம், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்கு நிலைமை முன்னேறியது. ஊசி உதவியது, எங்கே குத்தினார்கள் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. "குணமாகும்" என்ற நம்பிக்கைக்கும் இதில் நல்ல பங்குண்டு. அந்தப் புள்ளிகளை இணைப்பதாகச் சொல்லும் உயிர்ச்சக்திப் பாதை என்று எதையும் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதில்லை.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மலேரியாவைப் பற்றி வன்னிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைப் பழைய சீன வைத்திய ஏட்டிலிருந்து துப்பெடுத்து, ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த து யூயூவுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அரசு காசு போட்ட ஆராய்ச்சி அது. செல் பீஸோடும் கால் போன இடத்து வலியோடும் இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் இருத்தி, ஊசியை ஒழுங்காகச் சோதிக்கக் காசு ஒதுக்கினால் என்ன? ஊசி விலை மலிவான பொருள்தானே.

சரி, விசுவமடு அக்காவுக்கு. அடினோசின் நோவை அடக்கும், இன்சுலின் வேலையைச் செய்யாது. சிறுநீரக நோய் மலிந்த வவுனியாப் பக்கங்களில் டைக்ளோபெனக் போன்ற நோக்குளிசைகளை நாள்கணக்கில் விழுங்குவதைவிட ஊசி எனக்குப் பிடிக்கும், ஆனால் டொக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஊசி ஒவ்வொரு முறையும் புதுப் பக்கற்றிலிருந்து வர வேண்டும். கீறி இரத்தம் எடுப்பதை விட்டுவிடுங்கள்: சீனி உள்ளவருக்குப் புண் ஆறச் சுணங்கும், பிளேட் சுத்தமில்லாவிட்டால் ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் தொற்றலாம். எக்ஸ்றே படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, பீஸ் கிடக்கும் இடத்தில் ஊசியோ கோப்பையோ வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று: தேயிலையிலுள்ள கஃபீன் அதே ஏ1 வாங்கியைத்தான் அடைக்கிறது. ஊசிக்குப் போகுமுன் தேத்தண்ணி வேண்டாம் என்பது ஆய்வு முடிவல்ல, என் சொந்தப் புத்திமதி.