பிளெவ்னாவில் பீரங்கியைத் தோற்கடித்த மண்

பல்கேரியாவின் பிளெவ்னா நகருக்குக் கல்மதில் கிடையாது. ரஷ்ய-துருக்கியப் போரின்போது, 1877 ஜூலையில் அங்கே வந்து சேர்ந்த துருக்கியத் தளபதி உஸ்மான் பாஷாவின் வீரர்கள், சுற்றியிருந்த குன்றுகளில் அகழி வெட்டி மண்மேடு எழுப்பினார்கள், அவ்வளவுதான். ஜூலையில் இரண்டு முறை தாக்கித் தோற்ற ரஷ்யர்கள், ருமேனியர்களையும் சேர்த்துக்கொண்டு செப்டம்பர் 11 அன்று மூன்றாம் முறை ஏறினார்கள். அதற்கு முன் நான்கு நாள் பீரங்கித் தாக்குதல். இருந்தும் அந்த ஒரு தாக்குதலில் செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் 15,000 பேருக்கு மேல்.

பீரங்கி ஏன் பலிக்கவில்லை? கல்சுவரில் குண்டு பட்டால் விரிசல் ஓடும், சுவர் சரியும். தளர்ந்த மண்ணில் விரிசல் ஓட இடமே இல்லை. துகள்கள் ஒன்றோடொன்று உரசியே குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். குண்டுக்குள் இருந்ததும் கரிமருந்து. அது டைனமைட்டைப் போல அதிர்வலையாக வெடிக்காது, வேகமாக எரிந்து வாயுவாக விரியும். மண்ணுக்குள் புதைந்து வெடித்தால் ஒரு குழி, கொஞ்சம் புழுதி. இரவில் நாலு பேர் மண்வெட்டியோடு வந்தால் சரியாகிவிடும். பீரங்கிக் குண்டுகள் தாழ்வாகவே பறந்ததால், மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் பதுங்கியவனைத் தொடுவதும் அரிது.

அடுத்தது துப்பாக்கி. துருக்கியரிடம் இருந்த அமெரிக்கத் தயாரிப்பான பீபாடி-மார்ட்டினியில் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடலாம். பழைய துப்பாக்கிபோல் எழுந்து நின்று குழல்வாயில் மருந்து இடிக்க வேண்டாம். அகழிக்குள் இருந்தபடியே நிமிடத்துக்குச் சுமார் பத்து முறை சுடலாம். துருக்கியர் குழலை உயர்த்தி, குறிகூடப் பாராமல் சுட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு தோட்டாவை வளைத்து, மேலிருந்து சாய்வாக இறக்கும். எனவே பின்வரிசையில் நெருக்கமாகக் காத்திருந்தவர்களும் விழுந்தார்கள். ரஷ்யச் சிப்பாய்களில் பெரும்பாலோரிடம் இருந்த கிர்ன்கா துப்பாக்கியின் குறிகாட்டியோ 600 தப்படியோடு முடிந்துவிடும். அந்தத் தூரத்தை எட்டும்வரை சூடு வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. சேற்றில் நிமிடத்துக்கு நூறு மீட்டர் ஏறினாலும், ஒன்றரை கிலோமீட்டர் கடக்கும் கால் மணி நேரத்தில் எதிரே ஒருவன் 150 தோட்டா சுட்டிருப்பான். துருக்கியரிடம் இருந்த, தொடர்ந்து சுடும் வின்செஸ்டர் துப்பாக்கிகளைப் பற்றித்தான் பலரும் சிலாகிப்பார்கள். அவை கடைசி இருநூறு மீட்டருக்குத்தான் உதவின என்பது என் எண்ணம்.

தெற்கே தளபதி ஸ்கோபெலெவின் ஆட்கள் இரண்டு மண்கோட்டைகளைப் பிடித்தேவிட்டார்கள். ஆனால் அவற்றின் ஊர்ப்பக்கத்தில் தடுப்பு இல்லை. மண்வெட்டியும் போதாததால் துப்பாக்கி முனைக் கத்தியாலும் வெறுங்கையாலும் தோண்டினார்கள். மறுநாளே கோட்டைகள் கைமாறின. ருமேனியர்கள் பிடித்த கிரிவிட்சா மண்கோட்டை மட்டும் மிஞ்சியது.

பிறகு வந்தவர் எடுவார்ட் டோட்லெபென், கிரீமியத் துறைமுகமான செவஸ்தபோலில் மண்ணரண் கட்டிப் பெயர் வாங்கிய பொறியாளர். இனி ஏறுவதில்லை என்று முடிவுகட்டி, ஊரைச் சுற்றி இவரும் அகழி வெட்டினார். உணவு தீர்ந்து, டிசம்பர் 10 அன்று உஸ்மான் பாஷா வீட் ஆற்றைக் கடந்து வெளியேற முயன்றார். இப்போது திறந்தவெளியில் ஓடியவர்கள் துருக்கியர்கள். ரஷ்ய அகழிகளில் முதல் வரிசையைப் பிடித்தார்கள், அதற்குமேல் முடியவில்லை. காலில் காயத்தோடு பாஷா அன்றே சரணடைந்தார்.